நான் நிக்கறேனுங்க

ஆல்வின் மூச்சிரைக்க வந்து வாசற்படியில் கால் வைத்தபோது உள்ளே உட்கார இடமில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் அவர்களைப் பெற்றவர்கள், முழங்கால் தாடையில் இடிக்க, மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கள்ளிமேட்டுப்புதூர் அரசு உயர்நிலைப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகம், 1995ஆம் வருடத்துப் பொதுக்கூட்டம். போத்தனூருக்கு இந்தப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனியில் லேத்து ஓட்டுகிற ஆல்வின், முதல் ஷிப்ட் முடிந்ததும் கையில் ஒட்டிய எண்ணெயைக்கூடக் கழுவாமல் சைக்கிளை மிதித்து வந்திருந்தார்.

அவர் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. பதினோராம் வகுப்பு இந்தப் பள்ளிக்கு வருமா, வராதா?

மகள் அன்புச்செல்வி பத்தாவது படிக்கிறாள். வகுப்பில் முதல். ஆனால் வீட்டில் மனைவி பொற்கொடி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "உள்ளூருல பதினொண்ணாவது வந்தாப் படிக்கட்டும். டவுன் பஸ்ஸுல தொங்கீட்டுப் போயி ஒரு படிப்பும் வேண்டாம். மில்லுல ஆள் எடுக்கறாங்க." மில்லிலிருந்து ஒரு ஆள் இரண்டு தடவை வந்து, பெண்ணின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

தலைமையாசிரியை பத்மாவதி கையில் ஒரு தாளுடன் அறையைப் பார்த்துக் கேட்டார்.

"வேற யாராச்சும் நிக்கறீங்களா?"

அறையில் ஆல்வின் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், நமக்கு உட்கார இடமில்லையே என்று கூட்டத்தை நிறுத்தி விசாரிக்கிறாரே என்று ஆல்வின் உருகிப்போனார்.

"நான் நிக்கறேனுங்க டீச்சர்."

எழுபது தலைகள் திரும்பின.

"நெசமாவேங்களா?" என்றார் டீச்சர்.

"அதுக்கென்னங்க டீச்சர்? எனக்குப் பழக்கந்தானுங்க. லேத்துல எட்டு மணி நேரமும் நின்னுட்டுத்தான இருக்கறேன்."

அறையின் ஒரே நாற்காலி முன்வரிசையில் இருந்தது. அதில் பொங்கியண்ணன் இருந்தார். பதினான்கு வருடமாக அவர்தான் கழகத் தலைவர். அவர் குடும்பத்தில் எந்த வருடமும் ஒரு பிள்ளையாவது இந்தப் பள்ளியில் இருக்கும்படி கடவுள் பார்த்துக்கொண்டார். இந்த வருடம் பேத்தி. தீர்மானங்களை டீச்சர் வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேட்பார். கடைசியில் கூட்ஸ் வண்டி போல நீளமாக ஒரு கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தைப் பார்ப்பதற்கென்றே கூட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு. ஊரே அவரைத் "தலைவருங்க" என்றது. அவர் வீட்டுக்காரி நஞ்சம்மாளும் அப்படித்தான்.

தலைவர் மெதுவாகத் திரும்பினார்.

"ஏப்பா ஆல்வினு. உக்காந்துக்கோ."

"இருக்கட்டுங்க தலைவருங்க. நீங்க நல்லா உக்காருங்க. எங்களுக்கு எப்பவும் நிக்கறதுதானுங்களே."

அவ்வளவு பெரிய அரசியல் பேச்சை அவ்வளவு பணிவாக அந்த ஊரில் அதுவரை யாரும் பேசியதில்லை.

பதினான்கு வருடமாக "வேற யாராச்சும் நிக்கறீங்களா" என்று கேட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணி, "ஏகமனதாக" என்று எழுதியே பழகியிருந்த டீச்சரின் பேனா முதல்முறையாக வேறு சொல் எழுதியது.

"சரிங்க. வார ஞாயித்துக்கெழமை ரகசிய வாக்கெடுப்பு."

ஆல்வின் குனிந்து, கடைசி பெஞ்சில் இருந்த தையல்காரர் நாகூர் மீரானிடம் கேட்டார். "எதுக்குங்க பாய் ஓட்டு?"

"தலைவர் பதவிக்குத்தான். தலைவரும் நீங்களும் நிக்கறீங்கல்ல?"

"நான் எங்கீங்க நிக்கறேன்?"

"இதா, நிக்கறீங்களே."

ஆல்வின் தன் கால்களைப் பார்த்தார். மறுக்க வழியில்லை.

அந்தப் பதற்றத்தில், கேட்க வந்த கேள்வியையாவது கேட்டுவிடுவோம் என்று கையைத் தூக்கினார். "டீச்சர், பதினொண்ணாவது…"

"கல்வி ஆபீசுலருந்து சூன் மாசமே தலைவர் பேருக்குக் கடுதாசி போட்டாச்சுங்கறாங்க. இந்த மாசம் முப்பதாந்தேதிக்குள்ள கழகம் பதில் எளுதோணுமாம். இல்லீன்னா வேற ஊருக்குக் குடுத்துருவாங்களாம். தலைவருங்கதான் சொல்லோணும்."

"வந்துட்டே இருக்குது," என்றார் பொங்கியண்ணன்.

மூன்று வருடமாக அவர் அதையேதான் சொல்கிறார். ஒரு கடுதாசி மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய இடத்திலிருந்து கிளம்பியிருக்க வேண்டும் என்று ஆல்வின் மலைத்துப்போனார்.

வீட்டில் பொற்கொடி மலைக்கவில்லை.

"என்னத்தைக் கேக்கப் போனீங்க, என்னத்தைச் சொல்லிப்போட்டு வந்திருக்கறீங்க?"

"இடமில்ல. நின்னேன். அவ்வளவுதான்."

"கடுதாசிக்குப் பதில் போட வேண்டியவரே அவருதான். அவரையவே எதுத்து நின்னா உங்க புள்ளைக்குப் பதினொண்ணாவது எங்கிருந்து வரும்? நாளைக்கே போயி உக்காருங்க."

"எங்க?"

"வாபஸ் வாங்குங்கன்னு சொல்றேன்!"

மறுநாள் அன்புச்செல்வி முத்து முத்தான எழுத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். நான் தெரியாமல் நின்றுவிட்டேன், தயவுசெய்து என்னை உட்கார வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். டீச்சர் அதைப் படித்துவிட்டு, "விதிப்படி இதுல இப்ப இருக்கற தலைவரு 'சம்மதம்'னு கையெழுத்துப் போடோணுமுங்க," என்றார்.

ஆல்வின் தோட்டத்துக்குப் போனார். பொங்கியண்ணன் களத்தில் தேங்காய் உரிப்பதைப் பார்த்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் இருந்தார். வழி நெடுக ஆல்வின் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் அந்த முகத்தைக் கண்டதும் மறந்துபோயின. தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எல்லாம் அதுலயே வெவரமா இருக்குதுங்க தலைவருங்க."

தலைவர் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தார். ஒரு தேங்காய் உரிகிற நேரம் ஆயிற்று.

"எளுத்து நல்லாருக்குது. ஆரு எளுதுனது?"

"என்ற புள்ளைங்க."

"ம்." நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எதுத்து நிக்கறவன் ஊடு தேடி வந்து, காயிதம் குடுத்து, மொறை பண்றே. பெரிய மனுசன்தாம்பா நீ. போ. ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம்."

"தலைவருங்க, சம்மதம்னு ஒரு கையெழுத்து…"

"கையெழுத்தெல்லாம் எதுக்கு? வாய்ச்சொல்லு போதும். நீ நில்லு!"

ஆல்வினுக்குப் புல்லரித்தது. வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தும் ஒரு மனிதர் அதை ஏற்க மறுக்கிறார். போட்டியில்லாமல் கிடைக்கிற பதவி வேண்டாம் என்கிறார். பதினான்கு வருடம் இப்படி ஒருவரிடம் பேசாமலே போய்விட்டோமே என்று சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து டீச்சரிடம் சொன்னார். "நான் அவரைத் தப்பா நெனச்சுப்போட்டேனுங்க," என்றார் டீச்சர்.

புதன்கிழமை சைக்ளோஸ்டைல் செய்த வாக்குச்சீட்டின் மாதிரி, பள்ளித் தகவல் பலகையில் ஏறியது. ஆல்வின் என்பது மேலே, பொங்கியண்ணன் என்பது கீழே. அதைப் பார்த்ததும் ஆல்வின் டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், தலைவரு பேருக்கு மேல என்ற பேருங்களா? ஊருல ஒரு கல்யாணப் பத்திரிகையிலகூட அப்பிடி வந்ததில்லீங்களே. ஒரு மரியாதைக்காவது மாத்திப் போடுங்க."

"அகர வரிசைங்க."

"இருக்கட்டுங்க, ஆனா மரியாதை…"

"அகர வரிசை மரியாதை பாக்காதுங்க," என்றார் டீச்சர்.

இனி ஒரே வழிதான் இருந்தது. தோற்பது. சாதாரணமாகத் தோற்றால் போதாது. தலைவர் மனம் குளிர்ந்து அன்றைக்கே பதில் எழுதும்படி தோற்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் ஆல்வின் தெருத் தெருவாகக் கிளம்பினார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை தலைவருக்குப் போட்டுருங்க."

குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு ராசாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைவருக்குங்களா? அப்ப உங்களுக்கு?"

"எனக்கு வேண்டாமுங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அவரு அனுபவசாலி."

"பொய்தான சொல்றீங்க?"

"சத்தியமாங்க. எனக்குத் தகுதியில்ல."

ராசாத்தாள் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை. "எனக்கு நாப்பத்தஞ்சு வயசாச்சு. தகுதியில்லைன்னு சொல்லி ஓட்டுக் கேக்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். அடியே பழனாத்தா, இங்க வாடி, இந்த மனுசன் சொல்றதைக் கேளு!"

ஆல்வின் சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. மூன்றாவது தெருவுக்கு அவர் போய்ச் சேருமுன்னே அவருடைய பணிவு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் காலில் விழப் போனார்கள். அடுத்த தெருவில் ஆல்வின் கொஞ்சம் கடுமையாகவே, "நான் ஒண்ணுக்கும் ஆவாதவனுங்க," என்றார். அங்கே ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை நாகூர் மீரான் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு ஓடி வந்தார்.

"ஆல்வினு, சேதி தெரியுமா? தலைவரும் ஓட்டுக் கேட்டு ஊடு ஊடாக் கௌம்பியிருக்கறாரு."

"நல்லதுதானுங்க பாய். எல்லாரும் அவருக்கே போடட்டும்."

"அதுதான் இல்ல. உங்களுக்குல்ல போடச் சொல்லறாரு!"

"எனக்குங்களா?"

"என்ற கடைக்கே வந்தாரு. என்ற காதால கேட்டேன். கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆயிருச்சு எனக்கு. பாதி தெச்ச ஜாக்கெட்டை அப்பிடியே வெச்சுப்போட்டு வாரேன்."

ஆல்வின் நம்பவில்லை. வீட்டுக்குப் போனால் பொற்கொடி வாசலில் சிலை மாதிரி நின்றாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாகப் பொங்கியண்ணன் அவர்களுடைய காலனித் தெருவுக்குள் நடந்து வந்திருக்கிறார். ஒவ்வொரு வாசலிலும் நின்றிருக்கிறார். ஆல்வினின் வாசலையும் விடவில்லை.

"இந்த வாசப்படியிலதானுங்க நின்னாரு. கும்புட்டாரு. ஓட்டு உங்க பேருக்கேன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. காப்பித்தண்ணி வெக்கக்கூடத் தோணல."

"நெசமாலுமா?"

"தெருவே கேட்டுதுங்க. நானும் உங்களுக்குத்தான் போடப் போறேன்."

"நீயுமா? நான் தோக்கோணும்னு சொன்னதே நீதான?"

"அவரே சொல்லியும் போடலைன்னா நல்லாருக்குமுங்களா?"

சனிக்கிழமை கள்ளிமேட்டுப்புதூர் ஓர் அதிசயத்தைக் கண்டது. கிழக்குத் தெருவில் ஆல்வின் பொங்கியண்ணனுக்கு ஓட்டுக் கேட்டார். மேற்குத் தெருவில் பொங்கியண்ணன் ஆல்வினுக்கு ஓட்டுக் கேட்டார். மாரியம்மன் கோயில் முக்கில் இருவரும் எதிரெதிரே வந்து, ஒருவரை ஒருவர் கும்பிட்டு, வழிவிட்டு, விலகிப் போனார்கள். டீக்கடையில் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதில் வருகிற தலைவர்களைப் பற்றிப் படிக்க வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வரிசை நின்றது. பள்ளியின் வாசலில் இரு வேட்பாளர்களும் "நீங்க போங்க" "நீ போப்பா" என்று பத்து நிமிடம் மல்லுக்கட்டியதில் வரிசை விளையாட்டு மைதானம் வரை நீண்டது. அட்டை மறைப்புக்குள் போய் ஆல்வின் முத்திரையை எடுத்தார். கீழே இருந்த பொங்கியண்ணன் பெயருக்கு நேராக, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திக் குத்தினார். எதிரே ஒரு மகான் தனக்கு எதிராகவே ஓட்டுக் கேட்கும்போது இந்த ஒன்றாவது அவருக்குப் போய்ச் சேரட்டும்.

மதியம் எண்ணிக்கை. பத்மாவதி டீச்சர் சீட்டைப் பிரித்துப் பிரித்துப் படிக்க, கரும்பலகையில் சாக்பீஸ் கோடு விழுந்தது.

"ஆல்வின். ஆல்வின். ஆல்வின். ஆல்வின்…"

கரும்பலகையின் ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கத்துக்குக் கோடு தாவியது. இடையில் ஒரே ஒரு தடவை, கிழியும் நிலையில் இருந்த ஒரு சீட்டைப் பார்த்து, "பொங்கியண்ணன்" என்றார் டீச்சர்.

பதிவான ஓட்டு இருநூற்றுப் பதினாலு. ஆல்வினுக்கு இருநூற்றுப் பதின்மூன்று.

கைதட்டவும் தோன்றாமல் கூட்டம் விழித்தது. ஆல்வின் எழுந்து, அழுகிற குரலில் சொன்னார்.

"தலைவருக்கு உளுந்த அந்த ஒண்ணு என்னுதுங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு கணக்கு வாத்தியார் விரலை மடக்கினார். ஆல்வின் ஓட்டு பொங்கியண்ணனுக்கு. மிச்சம் எல்லாம் ஆல்வினுக்கு. அப்படியானால் பொங்கியண்ணனின் ஓட்டு?

"அப்பா!" என்றார் வாத்தியார்.

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. ஊரைப் போடச் சொல்வது இருக்கட்டும். தன் ஒரு ஓட்டையும் எதிராளிக்கே போட்டிருக்கிறார். நஞ்சம்மாளின் ஓட்டையும் போட வைத்திருக்கிறார். பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றினார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார். எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

பொங்கியண்ணன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஓர் அசைவு இல்லை. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வெளியே நடந்தார்.

"பாத்தீங்களா," என்று கிசுகிசுத்தார் மீரான். "ஒரு பாராட்டுக்குக்கூட நிக்கல."

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் புதிய தலைவர் ஆல்வின், இரண்டு எலுமிச்சம்பழத்தோடு பழைய தலைவரின் வீட்டுக்குப் போனார். முப்பதாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கடுதாசி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டு, முடிந்தால் எதிரே போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொங்கியண்ணன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆல்வின் குரல் கேட்டும் திரும்பவில்லை.

"ஒடம்புக்கு என்னுங்க?"

"நேத்தைலருந்து அப்பிடித்தான் கெடக்கறாரு," என்றாள் நஞ்சம்மாள். "உனக்கு என்ன வேணும் கண்ணு?"

"சர்க்கார் கடுதாசி ஏதாச்சும் வந்துதுங்களா அம்மா?"

"கடுதாசியா? நெறையக் கெடக்குது. இரு."

பூஜை அறைக்குள் போனவள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். பழுப்பு உறைகள். பதினான்கு வருடத்து உறைகள். ஒவ்வொன்றிலும் "தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகம்" என்ற முகவரி, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் குங்குமம். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

சர்க்காரிடமிருந்து வருவதைப் பிரிக்காமல் கும்பிட்டே வைத்திருக்கிற பக்தியை ஆல்வின் எங்கும் கண்டதில்லை. மேலாக இருந்த உறையைப் பிரித்தார். சூன் மாதத் தேதி. பதினோராம் வகுப்பு தொடங்கக் கழகத்தின் சம்மதத் தீர்மானம், தலைவர் கையெழுத்தோடு, முப்பதாம் தேதிக்குள். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். இன்றைக்கே கூட்டம் போட்டால் நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அன்புச்செல்வி மில்லுக்குப் போக வேண்டியதில்லை.

அப்போதுதான் அவருக்கு எல்லாமே விளங்கியது. தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டிலின் அருகே மண்டியிட்டார்.

"தலைவருங்க! இதை நீங்களே ஒரு கையெழுத்துல முடிச்சிருக்கலாமுங்க. அந்த நல்ல பேரு எனக்குக் கெடைக்கட்டும்னு பிரிக்காமயே வெச்சிருந்து, வாபஸ் வாங்கவும் உடாம, தெருத்தெருவாப் போயி எனக்கே ஓட்டுங் கேட்டு… உங்க மனசு ஆருக்குங்க வரும்?"

கட்டிலில் இருந்தவர் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நஞ்சம்மாள் தாம்பாளத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"அட நீயொண்ணு கண்ணு! எளுதப் படிக்கத் தெரிஞ்சிருந்தா, ரெண்டாவதா இருக்கற அவரு பேரை உட்டுப்போட்டு, 'மொதப் பேருக்கே குத்துங்க, மொதப் பேருக்கே குத்துங்க'ன்னு ஊடூடாச் சொல்லீட்டுத் திரிவாரா இந்த மனுசன்?"